சாயப்பட்டறை ஷெட்யூலிங் பேப்பரை 'ஜர்னல் ஆஃப் ஷெட்யூலிங்'குக்கு அனுப்பும் முன்

கேட்டிருப்பது இது: மெக்கானிக்கலில் முனைவர் பட்டம் செய்யும் ஒருவர், திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றின் தரவை வைத்து ஒரு பேப்பர் எழுதியிருக்கிறார். இணையாக ஓடும் பல சாய மெஷின்கள், ஒரு லாட்டுக்கு (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) பின் எந்த லாட் வருகிறது என்பதைப் பொறுத்து மாறும் கழுவும் நேரம், ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கெடு. மொத்தத் தாமதத்தைக் குறைக்க ஜெனடிக் அல்காரிதத்தோடு (பல விடைகளைக் கலந்தும் மாற்றியும் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் தேடல்), காக்கைகளின் நடத்தையை உவமையாகக் கொண்ட காக்கைத் தேடல் முறையைக் கலந்து ஒரு முறை. சாதாரண ஜெனடிக் அல்காரிதத்தைவிட நல்ல விடை வருகிறது. கைடு 'ஜர்னல் ஆஃப் ஷெட்யூலிங்'குக்கு அனுப்பச் சொல்கிறார். என்ன ஃபார்மேட், கவர் லெட்டரில் என்ன எழுத வேண்டும், பதில் வர எவ்வளவு நாளாகும் என்பவை கேள்விகள்.

ஃபார்மேட் அரைநாள் வேலை, அதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன வடிவத்திலேயே பேப்பர் போனால் ரிவ்யூவர் கைக்குப் போகாமலே எடிட்டரிடமிருந்து திரும்ப நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால் உள்ளடக்கத்திலிருந்து தொடங்குவோம்.

அந்த இதழ் 1998-ல் தொடங்கியது. முதலில் வைலி வெளியிட்டது, இப்போது ஸ்பிரிங்கர் வெளியிடுகிறது. எட்மண்ட் பர்க்கும் மைக்கேல் பினெடோவும் சேர்ந்து தொடங்கினார்கள். இயந்திரங்களுக்கு வேலை ஒதுக்குவது மட்டும் அல்ல, பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை, செவிலியர் பணிமுறை, விளையாட்டுப் போட்டி அட்டவணை, புராஜெக்ட் ஷெட்யூலிங் எல்லாமே அதன் வரம்புக்குள் வரும். படிப்பவர்களில் பெரும்பாலோர் இதே துறையில் வருடக்கணக்கில் ஊறியவர்கள். 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்' போன்ற இதழில், ஒரு தொழிற்சாலையின் நிஜப் பிரச்சினையை எடுத்து ஒழுங்காகத் தீர்த்துக் காட்டியதற்கே மதிப்பு கிடைக்கலாம். இங்கே ரிவ்யூவர் தேடுவது வேறு. இந்தக் கணக்கைப் பற்றி நேற்றுவரை தெரியாத எதை இந்தப் பேப்பர் சொல்கிறது என்று பார்ப்பார். உங்கள் சுருக்கத்தில் அதற்கான பதில் இல்லை. அல்காரிதத்தின் பெயர்தான் இருக்கிறது.

காக்கை விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். எறும்பில் தொடங்கி தேனீ, வௌவால், மின்மினி, ஓநாய், திமிங்கலம் என்று ஒரு மிருகக்காட்சி சாலையே இந்தத் துறைக்குள் வந்துவிட்டது. 2015-ல் கென்னத் சோரன்சென் இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். பெயரும் உவமையும் புதிது, உள்ளே இருப்பது பழைய தேடல் முறைதான் என்பது அவர் வாதம். அதே காலகட்டத்தில் 'ஜர்னல் ஆஃப் ஹியூரிஸ்டிக்ஸ்', பழைய யோசனைகளை இயற்கை உவமையில் பொதிந்து தரும் கட்டுரைகளைத் தவிர்ப்போம் என்று தன் கொள்கையிலேயே எழுதி வைத்தது. உங்கள் முறையில் காக்கை உண்மையில் என்ன செய்கிறது? வரிசையில் இரண்டு லாட்டை இடம் மாற்றுகிறதா, ஒன்றைப் பிடுங்கி வேறு மெஷினில் செருகுகிறதா, முன்பு கண்ட நல்ல விடையை நினைவில் வைத்துக்கொள்கிறதா? அதை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்: செருகல் நகர்வு, இடமாற்ற நகர்வு, நினைவகம். காக்கையை எடுத்துவிட்ட பிறகும் புதிதாக ஏதாவது மிஞ்சினால் அதுதான் உங்கள் பங்களிப்பு. எதுவும் மிஞ்சாவிட்டால் அது அனுப்புவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மிஞ்சாவிட்டாலும் கவலை வேண்டாம். உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கு அல்காரிதத்தில் இல்லை, சாயப்பட்டறையில் இருக்கிறது. ஆனால் பேப்பரில் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை.

கழுவும் நேரத்தை ஒரு அட்டவணையாக, எந்த லாட்டிலிருந்து எந்த லாட்டுக்கு எத்தனை நிமிடம் என்று கொடுத்துவிட்டு நேரே அல்காரிதத்துக்குப் போயிருக்கிறீர்கள். சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் வேலை பார்ப்பவரைக் கேட்டால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்வார். லைட் ஷேடுக்குப் பின் டார்க் ஷேடு போட்டால் பெரிதாகக் கழுவ வேண்டியதில்லை. கறுப்போ நேவி புளூவோ ஓட்டிய மெஷினில் அடுத்து வெள்ளைக்குக் கிட்டத்தட்ட வரும் ஷேடைப் போட வேண்டுமென்றால், காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டுச் சூடேற்றி மெஷினையே ஒரு முறை கழுவியாக வேண்டும். அதாவது உங்கள் அட்டவணை தற்செயலான எண்களின் குவியல் அல்ல. அதற்கு ஒரு திசை இருக்கிறது. ஒரு பக்கம் மலிவு, மறு பக்கம் செலவு.

இந்த அமைப்புக்கு ஷெட்யூலிங் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. செட்டப் நேரம் (ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே மெஷினைத் தயார் செய்யும் நேரம், உங்களிடம் கழுவும் நேரம்) எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், ஒரே மெஷினில் எல்லா வேலையையும் சீக்கிரம் முடிப்பதே பயண விற்பனையாளர் கணக்காகிவிடும், அதாவது பல ஊர்களை மிகக் குறைந்த தூரத்தில் சுற்றி வரும் வழியைத் தேடும் கணக்கு. பெரிய அளவில் அது கடினம். ஆனால் 1964-ல் கில்மோரும் கொமோரியும் ஒன்றைக் காட்டினார்கள்: மெஷினின் நிலையை ஒரே அளவால், உதாரணமாக உலையின் வெப்பத்தால், சொல்லிவிட முடிந்தால், அந்தப் பயணக் கணக்கே எளிதாகத் தீர்க்கக் கூடியதாகிவிடுகிறது. உங்கள் பட்டறையில் அந்த ஒரே அளவு ஷேடின் அடர்த்தி. ஒரு மெஷின், ஒரே நிறக் குடும்பம், கெடு இல்லை என்றால் லைட்டிலிருந்து டார்க்குக்கு அடுக்கினாலே வேலை முடிந்தது, அல்காரிதமே வேண்டாம்.

அப்படியானால் கணக்கு எங்கே கடினமாகிறது? கெடு வந்ததாலா? சிவப்பு, நீலம், பச்சை என்று நிறக் குடும்பங்கள் பலவாகி ஒரே அளவு போதாமல் போனதாலா? மெஷின்களின் கொள்ளளவு வேறு வேறாக இருப்பதால் பெரிய லாட்டைச் சின்ன மெஷினில் போட முடியாமல் போவதாலா? ஏற்றுமதிக் கெடுக்கள் பல ஆர்டர்களுக்கு ஒரே நாளில் விழுபவை. மொத்தத்தில் இரண்டு மூன்று கெடு தேதிகள்தான் என்றால் டைனமிக் புரோகிராமிங்கால் (கணக்கைச் சின்னப் பகுதிகளாகத் தீர்த்து, அந்த விடைகளைச் சேர்க்கும் முறை) சரியான விடை எடுக்க முடியுமா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஒழுங்கான பதில் சொன்னால்கூட உங்கள் பேப்பர் வேறு உயரத்துக்குப் போய்விடும். முழுத் தேற்றம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இன்ன நிலையில் இந்த இரண்டு லாட்டில் லைட் ஷேடு முன்னால் வரும் ஒரு சிறந்த விடை எப்போதும் உண்டு என்று ஒரு சின்ன ஆதிக்க விதியை நிறுவி, அது தேடலை எவ்வளவு சுருக்குகிறது என்று காட்டினாலும் ரிவ்யூவர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் எதையும் புதிது என்று எழுதும் முன் செட்டப், கெடு இரண்டும் சேர்ந்த கணக்குகளின் கடினத்தன்மையை ஆராய்ந்த புரூனோ, டௌனியின் 1978 கட்டுரையையும், மான்மா, பாட்ஸின் 1989 கட்டுரையையும் படித்துவிடுங்கள். அவர்கள் ஏற்கெனவே சொன்னதை நீங்கள் மறுபடி சொல்லியிருந்தால் முதல் ரிவ்யூவரே பிடித்துவிடுவார்.

கணக்கை வரையறுக்கும் பகுதி அரைப் பக்கத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். 1979-ல் கிரஹாம், லாலர், லென்ஸ்ட்ரா, ரின்னோய் கான் நால்வரும் தந்த மூன்று கட்டக் குறியீடு இருக்கிறது: முதல் கட்டத்தில் இயந்திர அமைப்பு, நடுவில் நிபந்தனைகள், கடைசியில் குறிக்கோள். அதில் எழுதினால் படிப்பவருக்கு ஒரு வரியிலேயே உங்கள் கணக்கு எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். கடினம் என்று காட்டத் தனி நிரூபணம் தேவையில்லை. செட்டப் எதுவும் இல்லாத ஒரே மெஷினிலேயே மொத்தத் தாமதம் என்பி-ஹார்ட் (வேகமாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் தெரியாத கடின வகை) என்று டூவும் லியூங்கும் 1990-ல் நிறுவிவிட்டார்கள். அதைச் சொல்லி ஒரு வாக்கியத்தில் கடந்துவிடலாம். இதற்கு இரண்டு பக்கம் செலவழிக்கும் பேப்பர்களைப் பார்த்தால் எழுதியவருக்கு வேறு சொல்ல இல்லை என்றுதான் தோன்றும்.

முன் ஆய்வுகள் பகுதிக்கு வருவோம். செட்டப் நேரமுள்ள ஷெட்யூலிங்குக்கு அல்லாஹ்வெர்தி, முதல் இரண்டைப் பிறரோடு சேர்ந்தும் கடைசியைத் தனியாகவும், எழுதிய பெரிய தொகுப்புரைகள் 1999, 2008, 2015 ஆண்டுகளில் வந்தன. 2015-ல் வந்ததில் தொடங்கி அதற்குப் பின் வந்தவற்றை நீங்களே தேடிச் சேருங்கள். இன்னார் இது செய்தார், இன்னார் அது செய்தார் என்று வருட வரிசையில் அடுக்குவதை முன் ஆய்வு என்று இங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். உங்கள் கணக்குக்கு மிக அருகில் உள்ள நான்கைந்து பேப்பரை எடுத்து, அவற்றிலிருந்து உங்களுடையது எங்கே பிரிகிறது என்று சொன்னால் போதும். இன்னொன்று, உங்கள் ஒப்பீட்டில் ஏடிசிஎஸ் விதி இல்லை. கெடு, செட்டப் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் எடைபோட்டு அடுத்த வேலையைத் தேர்வு செய்யும் விதி அது. லீ, பாஸ்கரன், பினெடோ மூவரும் 1997-ல் வெளியிட்டார்கள். ஆம், இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே பினெடோ. அதற்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. பட்டறையில் ஒரு நொடியில் ஓடக்கூடிய எளிய விதியைவிட உங்கள் பத்து நிமிட அல்காரிதம் எவ்வளவு மேல் என்பது நியாயமான கேள்வி, அதற்காகத்தான்.

இனி பரிசோதனைப் பகுதி. இந்த மாதிரி பேப்பர்கள் அதிகம் அடிவாங்கும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் முறையை நீங்களே எழுதிய ஒரு சாதாரண ஜெனடிக் அல்காரிதத்தோடு மட்டும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அது சண்டையே அல்ல. இலக்கியத்தில் இந்தக் கணக்குக்கு இப்போது எது சிறந்ததோ அதோடு மோத வேண்டும், அதுவும் அதே கணினியில், அதே மொழியில், அதே நேர வரம்பில். முடிந்தால் மூல ஆசிரியரின் நிரலையே கேட்டு வாங்குங்கள், பலர் தருவார்கள். நேர வரம்பைக் கணக்கின் அளவோடு சேர்த்து வைப்பது வழக்கம். எல்லா வேலைகளும் இயந்திரங்களை ஒரே வரிசையில் கடக்கும் ஃப்ளோ ஷாப் கணக்கில் ரூயிஸும் ஸ்டுட்ஸ்லேயும் 2007-ல் செய்ததைப் பாருங்கள்: வேலைகளின் எண்ணிக்கையை இயந்திர எண்ணிக்கையின் பாதியால் பெருக்கி, அதை 60 மில்லிசெகண்டால் பெருக்கினார்கள். 100 வேலை, 20 இயந்திரம் என்றால் 60 நொடி வரும். 'தலைமுறை 500' என்று நிறுத்தினால், ஒரு தலைமுறைக்குள் ஒருவர் செய்யும் வேலை வேறு, இன்னொருவர் செய்யும் வேலை வேறு என்பதால் ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

நிரலின் வேகமும் கணக்கில் வரும். ஃப்ளோ ஷாப்பில் நவாஸ், என்ஸ்கோர், ஹாம் 1983-ல் தந்த செருகல் முறையை அப்படியே எழுதினால் மெதுவாக ஓடும். டாய்லார்ட் 1990-ல் காட்டிய கணக்கிடும் தந்திரத்தோடு எழுதினால், வேலைகளின் எண்ணிக்கை எவ்வளவோ கிட்டத்தட்ட அந்த மடங்கு வேகம் கூடும். ஒருவர் அந்தத் தந்திரத்தோடும் மற்றவர் அது இல்லாமலும் ஓடினால் வெல்வது யோசனை அல்ல, நிரல். உங்கள் கணக்கிலும் ஒரு லாட்டை நகர்த்தும்போது முழு அட்டவணையையும் மறுபடி கணக்கிடுகிறீர்களா, மாறிய பகுதியை மட்டுமா என்பதைப் பேப்பரில் சொல்லுங்கள். ஃப்ளோ ஷாப் பக்கம் நீங்கள் பிறகு போவதாக இருந்தால், ஐஐடி மெட்ராஸின் சந்திரசேகரன் ராஜேந்திரனின் கட்டுரைகளைப் பாருங்கள். அந்தத் துறையில் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுபவர் அவர். சீக்லரோடு சேர்ந்து 2004-ல் எழுதிய எறும்பு முறைக் கட்டுரையில் ஒப்பீடு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்.

சரி, எந்தத் தரவில் ஓட்டுவது? பட்டறைத் தரவு மட்டும் போதாது, பொதுவில் இருக்கும் பெஞ்ச்மார்க்கும் (எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் சோதனைக் கணக்குகள்) வேண்டும். ஃப்ளோ ஷாப், ஜாப் ஷாப் (ஒவ்வொரு வேலைக்கும் இயந்திர வரிசை வேறு) ஆட்களுக்கு டாய்லார்டின் 1993 தொகுப்பு இருக்கிறது. வரிசை சார்ந்த செட்டப்போடு எடையிட்ட தாமதத்துக்கு (ஒவ்வொரு வேலையின் முக்கியத்துவத்தையும் சேர்த்துக் கூட்டிய தாமதம்), ஒரே மெஷினில், சிசிரெல்லோவின் 120 கணக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 60 வேலை. இணை இயந்திரங்களுக்கு செட்டப்போடு வல்லாதாவும் ரூயிஸும் 2011-ல் பயன்படுத்திய தொகுப்பு உண்டு, அது மேக்ஸ்பேனுக்கானது (கடைசி வேலை முடியும் நேரம்) என்பதால் கெடுக்களை நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கும். கெடுக்களை உருவாக்கும்போது எவ்வளவு இறுக்கம், எவ்வளவு பரவல் என்ற இரண்டு அளவுகளையும் மாற்றி மாற்றி உருவாக்குங்கள். எல்லாக் கெடுவும் தளர்வாக இருந்தால் எந்த முறையும் பூஜ்யத் தாமதம் தரும், யார் கெட்டி என்று தெரியாது. இந்தச் செயற்கைக் கணக்குகளில் செட்டப் எண்கள் கண்டபடி இருக்கும் என்பதால், உங்கள் லைட்-டார்க் அமைப்புள்ள கணக்குகளையும் தனியாக உருவாக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். அமைப்பைப் பயன்படுத்தும் முறை அமைப்பு இருக்கும் இடத்தில் ஜெயித்து, இல்லாத இடத்தில் சாதாரணமாக இருந்தால் அது பலவீனம் இல்லை. பேப்பரின் கதையே அதுதான்.

பூஜ்யம் என்றதும் ஒன்று. உங்கள் அட்டவணையில் சிறந்த விடையிலிருந்து எத்தனை சதவீதம் விலகல் என்று போட்டிருக்கிறீர்கள். மேக்ஸ்பேனுக்கு அது சரி. தாமதத்தில் சிறந்த விடை பூஜ்யமாக இருக்கலாம், அப்போது பூஜ்யத்தால் வகுக்க முடியாது. சிறந்த விடை 2 நிமிடம், உங்களுடையது 6 நிமிடம் என்றால் 200 சதவீதம் மோசம் என்று காட்டும், பட்டறையில் அந்த நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. அதனால் தாமதக் கணக்குகளில் சிறந்த விடைக்கும் மோசமான விடைக்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை அளக்கும் குறியீட்டைப் பயன்படுத்துவார்கள். இந்த ஒரு மாற்றமே, எழுதியவருக்குத் துறை தெரியும் என்று காட்டிவிடும்.

இப்போதைய ரிவ்யூவர்கள் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி: கன்ஸ்ட்ரெயிண்ட் புரோகிராமிங் (நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தால் மென்பொருளே விடை தேடும் முறை) போட்டுப் பார்த்தீர்களா? ஐபிஎம்மின் சிபி ஆப்டிமைசரில் செட்டப் அட்டவணையை நேராகவே கொடுக்கலாம். கூகுள் ஓஆர்-டூல்ஸின் சிபி-சாட் இலவசம், அதில் லாட் வரிசையைச் சர்க்யூட் கட்டுப்பாட்டால் (எல்லாவற்றையும் ஒரே சுற்றாக இணைக்கச் சொல்லும் நிபந்தனை) எழுதலாம். சின்னக் கணக்குகளிலாவது அது சரியான விடையை நிரூபித்துக் கொடுத்தால், உங்கள் முறை அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். நடுத்தர அளவிலேயே சிபி-சாட் உங்களைத் தோற்கடித்தால்? அதையும் ரிவ்யூவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே கண்டுபிடிப்பது நல்லது.

அளவுருக்களைச் சீர் செய்த கணக்குகளிலேயே கடைசி ஒப்பீட்டையும் செய்யாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குகள் வேண்டும். சராசரியை மட்டும் போட்டு 'நம் முறை சிறந்தது' என்று எழுதாமல், வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை ஒன்றை, இணைசேர்ந்த மதிப்புகளுக்கான வில்காக்சன் சோதனை மாதிரி, செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி ஓட்டிப் பாருங்கள்: ஆதிக்க விதி இல்லாமல், உள்ளூர்த் தேடல் இல்லாமல், கலப்பு இல்லாமல். எந்தப் பாகம் வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு அட்டவணை, பத்து வரைபடத்துக்கு மேல்.

நிரலையும் உருவாக்கிய கணக்குகளையும் செனோடோ என்ற ஆய்வுத் தரவுக் காப்பகத் தளத்தில் ஏற்றினால் நிரந்தர டிஓஐ எண் (மேற்கோள் காட்டுவதற்கான அடையாள எண்) கிடைக்கும், அதைப் பேப்பரில் கொடுத்துவிடலாம். பட்டறைத் தரவு மட்டும் வேறு விஷயம். வாடிக்கையாளர் பெயர், ஆர்டர் அளவு எல்லாம் அதில் இருக்கும். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெயர்களை எடுத்துவிட்டு நேரங்களை ஒரு பொது எண்ணால் பெருக்கி மறைத்து வெளியிடலாமா என்று கேளுங்கள். வாய்மொழியாகச் 'சரி சார் போட்டுக்குங்க' என்றதை நம்பி, பேப்பர் அச்சாகும் நேரத்தில் அவர் பின்வாங்கினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எழுதும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பில் கணக்கு தெரிய வேண்டும், 'ஒரு புதிய', 'திறன்மிக்க' போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். முன்னுரையின் இரண்டாம் பக்கம் முடிவதற்குள் உங்கள் முடிவுகள் என்ன என்று நேராகச் சொல்லிவிடுங்கள். 'உலகமயமான போட்டிச் சூழலில் உற்பத்தித் துறை' என்று தொடங்கும் பத்தியை யாரும் படிப்பதில்லை. ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, குறியீடுகள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே பொருளில் இருந்தால் போதும். ஏஐ கருவியால் மொழியைத் திருத்துவது பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஸ்பிரிங்கர் நேச்சரின் கொள்கைப்படி அத்தகைய கருவியை ஆசிரியராகப் போட முடியாது. வாக்கியத்தைச் செப்பனிட மட்டும் பயன்படுத்தினால் அறிவிக்கத் தேவையில்லை, அதற்கு மேல் போனால் பேப்பரிலேயே குறிப்பிட வேண்டும். மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைகளைச் சொல்லும், அதில் ஒன்று ரிவ்யூவரின் பெயரில் இருந்தால் கதை முடிந்தது.

படிக்கக் கட்டுரைகள் கிடைக்காதது உங்கள் பிரச்சினையென்றால், மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன, ஸ்பிரிங்கர் நேச்சரும் அதில் உண்டு. தனியார் கல்லூரியென்றால் உங்கள் நூலகரையோ, நேராக ஆசிரியரையோ கேளுங்கள். பிரதி கேட்டு வரும் மெயிலுக்கு மறுப்புச் சொல்பவர் அரிது.

இப்போது ஃபார்மேட். ஸ்பிரிங்கர் நேச்சரின் லேட்டெக் மாதிரியில் தட்டச்சு செய்யுங்கள், சூத்திரம் நிறைந்த பேப்பரை வேர்டில் எழுதி அவதிப்பட வேண்டாம். சுருக்கம் 150 முதல் 250 சொற்கள், குறிச்சொற்கள் நான்கு முதல் ஆறு, மேற்கோள்கள் ஆசிரியர் பெயர், ஆண்டு முறையில். பேப்பர் முடிவில் நிதி உதவி, நலன் முரண், தரவு எங்கே கிடைக்கும் என்ற அறிவிப்புகள் வேண்டும். இவை அவ்வப்போது மாறுபவை, அனுப்பும் நாளில் இதழின் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். எல்லாம் ஆன்லைன் சமர்ப்பிப்புத் தளம் வழியாகத்தான், மெயிலில் அனுப்புவது இல்லை. தளம் கடைசியில் ஒரு பிடிஎஃப் உருவாக்கிக் காட்டினால் திறந்து முழுதும் பாருங்கள். படங்கள் காணாமல் போவதும் மேற்கோள்கள் கேள்விக்குறியாக நிற்பதும் அங்கேதான் நடக்கும். இணை ஆசிரியர்கள் அனைவரும் கடைசி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பேப்பரை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது, இது எல்லா இடத்திலும் உள்ள விதி. கருத்தரங்கில் இதன் ஒரு பகுதியை வாசித்திருந்தால் மறைக்காமல் குறிப்பிட்டு, இதில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கவர் லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. 'உங்கள் மதிப்புமிக்க இதழில்' என்று புகழ்வதால் எதுவும் நடக்காது. மூன்று நான்கு வாக்கியங்களில் கணக்கு என்ன, அதைப் பற்றி என்ன நிறுவியிருக்கிறீர்கள், இந்த இதழில் முன்பு வந்த எந்தக் கட்டுரைகளின் தொடர்ச்சி இது என்று எழுதுங்கள். உங்களுக்கு அந்த மூன்றாவது வாக்கியம் எழுத வரவில்லையென்றால் இதழ் சரிதானா என்று மறுபடி யோசிக்கலாம். ரிவ்யூவர் பெயர் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் மேற்கோள் பட்டியலில் இருந்தே எடுங்கள். கைடின் நண்பர்களை எழுதாதீர்கள். பரிந்துரைப்பவர்களின் நிறுவன மெயில் முகவரியைக் கொடுங்கள்.

எவ்வளவு நாள் என்றால், எடிட்டரே திருப்புவதாக இருந்தால் சில வாரங்களில் தெரிந்துவிடும். ரிவ்யூவுக்குப் போனால் மாதக்கணக்கு. நிரூபணங்களை வரிவரியாகச் சரிபார்க்கும் துறை இது, அவசரப்படுத்த முடியாது. நான்கைந்து மாதம் எதுவும் வராவிட்டால் பணிவாக ஒரு மெயில் அனுப்பலாம். தீசிஸ் கொடுக்கும் தேதி நெருங்குகிறது என்பது உங்கள் நெருக்கடி, எடிட்டருடையது இல்லை. அதனால் இந்த ஒரு பேப்பரை நம்பி தேதியைக் குறிக்காதீர்கள்.

'பெரிய திருத்தம்' என்று வந்தால் அது நல்ல செய்தி. பதில் கடிதத்தில் ரிவ்யூவரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே உங்கள் பதில், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்பது. அவர் சொன்னது தவறென்றால் தவறு என்று காரணத்தோடு சொல்லலாம். ஆனால் அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் நீங்கள் எழுதியது தெளிவாக இல்லை. விளக்கத்தைக் கடிதத்தில் மட்டும் எழுதாமல் பேப்பரிலும் திருத்துங்கள். இன்னொரு முறையோடு ஒப்பிடச் சொன்னால் ஒப்பிட்டே ஆகுங்கள், 'எதிர்கால ஆய்வில் செய்வோம்' என்பது இங்கே எடுபடாது.

திரும்பி வந்தால் ரிவ்யூவில் இருக்கும் உருப்படியான விஷயங்களைச் சேர்த்த பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். சின்னத் துறை, அடுத்த இதழிலும் அதே ரிவ்யூவரிடமே போய்ச் சேரலாம். எதையும் மாற்றாமல் வந்த பேப்பரை அவருக்கு உடனே அடையாளம் தெரியும். பட்டறைப் பகுதி வலுவாகவும் கோட்பாடு மெலிந்தும் இருந்தால் 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்' அல்லது 'இண்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் புரொடக்ஷன் ரிசர்ச்' பொருந்தும். உண்மையில் நீங்கள் சொன்ன வடிவத்திலேயே அனுப்புவதென்றால் என் ஓட்டு முதலிலேயே அந்தப் பக்கம்தான். லைட்-டார்க் அமைப்பை நீங்கள் தோண்டி எடுத்தால் கைடு சொன்ன இதழ் சரியான இடம்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த இதழில் சந்தா வழியில் வெளியிட ஆசிரியர் எதுவும் கட்டத் தேவையில்லை. எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்க வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் உண்டு, அது கணிசமான தொகை, கட்டாயம் இல்லை. '72 மணி நேரத்தில் ஸ்கோபஸ் இதழில் வெளியீடு' என்று வாட்ஸப்பில் வரும் செய்திகளுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஏற்கப்பட்ட பிறகு புரூஃப் (வெளியிடும் முன் சரிபார்க்கும் பிரதி) வரும், சில நாட்களே அவகாசம் தருவார்கள். கல்லூரி மாறினாலும் வேலை செய்யும் மெயில் முகவரியை முதலிலேயே கொடுத்திருங்கள், இல்லாவிட்டால் அது யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். புரூஃபில் உரைநடையைவிடச் சூத்திரங்களையும் அட்டவணைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீழ்க்குறி எண்கள் இடம் மாறுவதும் கழித்தல் குறி விடுபடுவதும் அந்தக் கட்டத்தில்தான் நடக்கும்.